ஓல்காவுக்கு ஏற்ற வெளிச்சம்

பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தீர்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. சீருடை போட்டவர்கள் யாரும் இப்போது அப்படி வருவதில்லை. போன வசந்தத்தில் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் சமையலறை வரைக்கும் சேற்றோடு நடந்தார். அவர் கேட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறதே, அதில் உட்காருங்கள். அங்கேதான் கதகதப்பாக இருக்கும். ஏன் கதகதப்பாக இருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வந்த விஷயம். அதற்கு வருகிறேன்.

வெர்னாதான் உங்களிடம் சொல்லியிருப்பாள். எதிர்வீட்டில் இருந்துகொண்டு, விடியும் முன்னே காபி போட எழுந்திருக்கிறவள். வெளியே அக்டோபர் இருட்டு. என் தையல் அறை ஜன்னல் மட்டும் நடுப்பகல் மாதிரி ஜொலிக்கிறது. பார்க்கிறவளுக்கு என்ன தோன்றும்? "ஆர்டிஸ் வீட்டுக்குள்ள விளக்குப் போட்டுக் கஞ்சா வளக்குறா"ன்னு தோன்றியிருக்கும். போலீஸாக வந்தும் நீங்கள் அதை அப்படியே கேட்கவில்லை. "ஜன்னல் வெளிச்சத்தைப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு, ஆர்டிஸம்மா"ன்னு இழுத்தீர்கள். சின்ன வயதிலிருந்தே நீங்கள் அப்படித்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் நான் தட்டில் பரிமாறும்போது, பட்டாணி உருளைக்கிழங்கின்மேல் படக்கூடாது என்று சொல்வதற்குக்கூட முகம் சிவந்து நிற்பீர்கள்.

கஞ்சா இல்லை தம்பி. அந்த அறையில் ஒரு மலைப்பாம்பு இருக்கிறது. பெரிய ஜாதி இல்லை, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்கிற ஜாதி. என் அண்ணன் டெல்மருடையது. பெயர் ஓல்கா.

காபியைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஆமாம், அந்த ஓல்காதான். அவசரப்படாமல் கேளுங்கள். அண்ணன் அடுத்த வாரம் அரிசோனாவுக்குக் கிளம்புகிறார். நீங்கள் இங்கே பார்ப்பது அவர் காதுக்குப் போனால் ஓல்காவைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுவார். காதுக்குப் போகாவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். அது இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் முழுதும் சொல்கிறேன். பாதி கேட்டுவிட்டுப் போனால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

அண்ணி லொரெய்ன் இறந்த வருடம்தான் அண்ணன் பாம்பை வாங்கினார். தூசி உறிஞ்சும் மெஷினுக்குப் பை வாங்கிவரப் பட்டணத்துக்குப் போனவர், பாம்போடு வந்தார். "வீட்டுல மூச்சு விடுற சீவன் இன்னொண்ணு வேணும் ஆர்டிஸ். ஆனா பேசக் கூடாது"ன்னார். எனக்கு அது புரிந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், எனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும். வேலையை விட்டு ஓய்வெடுத்த இந்த ஊர் ஆண்களெல்லாம் குளிர்காலத்தில் தெற்கே வண்டியைத் திருப்புகிற மாதிரி அவரும் நவம்பரில் கிளம்பிவிடுவார். அரிசோனாவில் அவர் தங்குகிற இடத்தில் பாம்பு கூடாது. போன நவம்பரில் ஓல்காவைக் கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்து என் தையல் அறையில் வைத்தார். கூடவே ஒரு விளக்கு. அலுமினியக் குடை, அதற்குள் பெரிய சிவப்பு பல்ப்.

"இது ராத்திரி பகலா எரியணும். அணைக்கவே கூடாது"ன்னார்.

"இது கோழிக்குஞ்சு விளக்காச்சே, அண்ணே."

"உசுருன்னு வந்துட்டா எல்லாத்துக்கும் ஒரே சூடுதான். அப்பா இதுல எத்தனை குஞ்சு வளத்தாரு. ஒண்ணாவது வெறைச்சுச் செத்துதா?"

"குஞ்சு ஒண்ணையொண்ணு கொத்திக்கக் கூடாதுன்னுதானே சிவப்பு பல்பு? இவ ஒண்டியா இருக்கா. யாரைக் கொத்தப் போறா?"

"நீ பள்ளிக்கூடத்துல மக்ரோனி கிண்டுனவ. உனக்கு மிருகத்தைப் பத்தி என்ன தெரியும்"ன்னுட்டு, என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அவரைக் குறை சொல்லவில்லை. வசந்தம் வந்தால் தபாலில் குஞ்சு வரவழைக்கிற ஊர் இது. நம்மில் யார் கையில் பாம்பைக் கொடுத்தாலும் கொட்டகைக்குப் போய் அந்த விளக்கைத்தான் எடுத்து வந்திருப்பார்கள்.

அப்போது எனக்கு ஓல்காமேல் பாசம் ஒன்றும் கிடையாது. ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு என் தையலைப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஆனால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் கவிழ்த்த பூந்தொட்டிக்குள் சுருண்டு கிடப்பாள். ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளக்கின எலியை வைத்தால் மோந்துகூடப் பார்க்க மாட்டாள். பகலும் சிவப்பு, இரவும் சிவப்பு. எப்போது எழுந்திருப்பது, எப்போது தூங்குவது என்று அவளுக்கு யார் சொல்வது? தொட்டுப் பார்த்தேன். முதுகு காய்ந்திருந்தது, வயிறு சில்லிட்டிருந்தது. அது எனக்குப் பழகின சங்கதி. பள்ளிக்கூடத்தில் மீன் துண்டுகளை விளக்குக்கடியில் வைப்போமே, அது இப்படித்தான் ஆகும். மேலே வறண்டு கிடக்கும், அடியில் சூடே ஏறியிருக்காது. நீங்கள்கூட அதைத் தின்றிருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மீன் துண்டுக்கு நான் செய்யத் தவறியதை ஓல்காவுக்காவது செய்யலாம் என்று நினைத்தேன். ஆரம்பம் அவ்வளவுதான்.

பட்டணத்துக்குப் போய்ப் பிராணிகள் கடையில் விசாரித்தேன். மூக்கில் வளையம் போட்ட பெண் ஒருத்தி நீல பல்பை எடுத்துக் கொடுத்தாள். "ராத்திரிக்கு நிலா வெளிச்சம் மாதிரியே இருக்கும், பாட்டி"ன்னா. "நிலாவுல யாரும்மா குளிர் காயறா?"ன்னு கேட்டேன். சிரித்துவிட்டுக் கறுப்பாக ஒன்றை எடுத்தாள். பீங்கான் பல்ப். வெளிச்சமே வராது, சூடு மட்டும்தான் வரும். மூன்றாவதை நம் ஊர் ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். கொட்டகை வாசலில் மாட்டுகிற சாதாரண ஹாலஜன் பல்ப்.

எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் சமையல்காரி. எனக்குத் தெரிந்தது வெண்ணெய். ஓல்காவைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். தொட்டிக்குள் வயலில் எடுத்த தட்டைக் கல்லை வைத்து, அதன்மேல் ஒரு துண்டு வெண்ணெய். பல்பை மாற்றி மாற்றிப் போட்டேன். சிவப்பு பல்ப் நடுவில் ஓட்டை போட்டது, ஓரமெல்லாம் கல்மாதிரி அப்படியே இருந்தது. நீலத்துக்கு வெண்ணெய் அசையவே இல்லை. பீங்கான் மெதுவாகத் தளர்த்தியது, தொட்டிக் காற்றும் இதமாயிற்று. ஹாலஜனைப் போட்டதும் வெண்ணெய் மேலிருந்து அடிவரை ஒரே சீராக இளகி உட்கார்ந்தது தம்பி, ஜூலை வெயிலில் வண்டி பானட்டில் வைத்த மாதிரி. கல்லும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டது. விடியும் முன்னே நான் எழுந்ததிலிருந்து பகலுக்கு ஹாலஜன், இரவுக்குப் பீங்கான் என்று முடிவு செய்தேன். சூடு எல்லை மீறாமல் இருக்க இரண்டையும் ஒரு தெர்மோஸ்டாட்டில் இணைத்தேன். விளக்கெல்லாம் தொட்டியின் ஒரு பக்கம்தான். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்று அவளே தேர்ந்துகொள்ளட்டும். இதில் முக்கியமே அதுதான். ஒரு உயிருக்கு எது சௌகரியம் என்று அடுத்தவர் தீர்மானிக்கக் கூடாது.

அந்த வாரமே அவள் பூந்தொட்டியை விட்டு வெளியே வந்தாள். கல்லின்மேல் நீளமாகப் படுத்து, அதன் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டாள். எலியை வைத்தேன், எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு மாலையில் நான் டிவியில் வினாடி வினா பார்க்கும்போது கையில் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். கனமாக, இதமாக இருப்பாள். என் கையை இத்தனை காலத்தில் யாரும் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டதில்லை.

அண்ணன் ஞாயிறுதோறும் கூப்பிடுவார். "சிவப்பு எரியுதா?" என்பார். "எரியுது, அண்ணே" என்பேன். எரியத்தான் செய்தது. காரேஜில், என் காரின் மூக்குக்கு மேலே. நான் பொய் சொல்லிப் பழகினவள் இல்லை.

மார்ச் மாதம் கடைசியில் கூப்பிட்டு, "அடுத்த வாரம் வந்துடுவேன், ஓல்காகிட்டச் சொல்லு"ன்னார்.

"அண்ணே, அவளுக்கு வேற பல்பு மாத்திப் பாக்கலாமா?"

"தேவையில்ல. இங்க ஒரு பண்ணைக் கடையில அதைவிடப் பெரிய சிவப்பு வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டையும் மாட்டிட்டா ஜெகஜோதியா இருக்கும்."

அப்போது அவள் என் கையில்தான் இருந்தாள். பாம்பு முகத்தைப் பார்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். என் முகத்தின் பக்கமாகத் தலையைத் திருப்பினாள், அவ்வளவுதான் சொல்வேன்.

"அண்ணே, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஓல்கா போயிட்டா"ன்னேன்.

"எங்க போயிட்டா?"

"போயிட்டா, அண்ணே."

அரிசோனாவில் அவருக்குப் பின்னால் யாரோ சிரித்துக்கொண்டு இரும்பு லாடம் எறிந்து விளையாடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "கஷ்டப்பட்டாளா?"ன்னு கேட்டார்.

"இல்லண்ணே. கடைசிவரை கதகதப்பாத்தான் இருந்தா." அதுவும் உண்மைதான். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாள்.

"பொதைச்சிட்டியா?"

"மண்ணு இரும்பாக் கெடக்கே."

"அப்ப ஃப்ரீசர்ல வை. நான் வந்து பொதைக்கிறேன்"ன்னார்.

பொய்க்கு ஒரு உடம்பு வேண்டியிருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. இங்கே குளிர்காலத்தில் போனவர்கள் மண் இளகும்வரை காத்திருக்கத்தானே வேண்டும். லொரெய்னே மே மாதம்வரை காத்திருந்தவள். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் கொடுத்த மான் இறைச்சி சாசேஜ் வளைந்து கிடந்தது. அவரே சுட்ட மான், அவரே மிளகும் பூண்டும் போட்டு அடைத்த சாசேஜ். நீளம் போதவில்லை என்று இரண்டை முனையோடு முனை சேர்த்துக் கட்டினேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல துண்டை எடுத்துச் சுற்றி, பூட்ஸ் பெட்டியில் வைத்து டேப் ஒட்டினேன். மரியாதையாகத்தான் செய்தேன்.

அண்ணன் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தார். காரேஜில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஃப்ரீசர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாக்கணும், ஆர்டிஸ்."

"வேணாம், அண்ணே. நல்லா இருந்தப்ப பாத்த மொகமே மனசுல இருக்கட்டும்."

டேப்பைக் கொஞ்சம் விலக்கித் துண்டின்மேல் கையை வைத்தார். "ரொம்ப மெலிஞ்சிட்டா"ன்னார்.

"பனியில எல்லாமே சுருங்கும்."

"பூண்டு வாசனை வருதே."

நான் பதில் யோசிப்பதற்குள் அவரே, "சமைச்சிட்டிருந்த ஆளை எழுப்பிட்டேன், பாவம்"ன்னு சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அண்ணன் நல்ல மனுஷர். மூடப் போகும்போதுதான் பக்கத்துப் பொட்டலத்தைப் பார்த்தார். "எலியெல்லாம் இன்னும் வெச்சிருக்கியே"ன்னார். "தூக்கிப் போட மனசு வரல, அண்ணே"ன்னேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகுதான் கேட்டார். "ஏன் ஆர்டிஸ்? என்ன ஆச்சு அவளுக்கு?"

வயதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பாம்புக்கு என்ன வருமோ யாருக்குத் தெரியும் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் இவர் நாளைக்கே பட்டணத்துக்குப் போய் இன்னொன்றை வாங்கிவந்து அதன் தலைக்குமேலும் சிவப்பை மாட்டிவிடுவாரே என்று எனக்குப் பதைப்பு. அந்தப் பாம்பின் நன்மைக்காகத்தான் சொன்னேன்.

"அந்தச் சிவப்பு விளக்குதான், அண்ணே. ராத்திரி எது பகல் எதுன்னு தெரியாமயே போயிட்டா."

"அப்ப நான்தான் கொன்னுட்டேனா?"

அடுப்பில் ஹாட்டிஷ் வைத்திருந்தேன், இறைச்சிக் கலவைக்கு மேலே அடுக்கின உருளைக்கிழங்கு சிவக்கிற நேரம். உள்ளே போய்விட்டேன்.

மே மாதம் மண் இளகியதும் அவர் வீட்டுப் பின்னால் அடக்கம் செய்தோம். உங்களுக்குத்தான் தெரியுமே. சாலையில் வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றீர்கள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். சபைப் போதகரம்மா வந்து நாலு நல்ல வார்த்தை சொன்னார். வேதத்தில் பாம்புக்குக் கிடைத்திருக்கிற இடத்தைப் பெருந்தன்மையாகத் தொடாமலே ஜெபித்து முடித்தார். மாதர் சங்கத்தார் ஹாம் வைத்த பன் கொண்டுவந்தார்கள். வெர்னா அழுதாள். வெர்னாவின் நாய் டியூக் மட்டும் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. "பாருங்க, வாயில்லா சீவனுக்குக்கூட எப்படித் தெரியுது"ன்னு எல்லோரும் சொன்னார்கள்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் பூ வைக்கப் போனபோது குழி திறந்து கிடந்தது. காலிப் பெட்டி. என் நல்ல துண்டு கிழிந்து கிடந்தது. கோயோட்டி நரி தோண்டித் தின்றுவிட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். "செத்த பிறகும் அவளை நிம்மதியா இருக்க விடல பாரு"ன்னு சொல்லி இந்தச் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முழுக்க டியூக் தெருவில் இருக்கிற பறவைத் தொட்டித் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தது. வெர்னா பயந்துபோய் அதைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் சாசேஜில் எப்போதுமே உப்பைக் கொஞ்சம் கூடப் போடுகிறவர்.

கோடை முழுக்க அவர் சரியாகவே இல்லை தம்பி. சிவப்பு பல்ப் இரண்டையும் சுத்தியலால் உடைத்தார். வீட்டில் எந்த விளக்கையும் போட மாட்டேன் என்றுவிட்டார். வெளிச்சம் இருக்கிறவரை உட்கார்ந்திருப்பார், இருட்டினதும் படுத்துக்கொள்வார். குஞ்சு வளர்க்கிற வீடுகளுக்கெல்லாம் போய், "அந்த விளக்கை அணைச்சிடுங்க, அது கொலைகார விளக்கு"ன்னு கேட்டுக்கொண்டு நின்றார். உங்களுக்குக்கூடப் புகார் வந்திருக்குமே. அந்தப் பழியையும் என்மேல் எழுதிக்கொள்ளுங்கள். நான் வாராவாரம் ஹாட்டிஷ் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதியைத் தின்ன மாட்டார். கால்சட்டைக்கு வார் போட வேண்டியதாயிற்று. "கிறிஸ்துமஸுக்குக் குடுத்த சாசேஜ் எப்படி இருந்துது?"ன்னு ஒருநாள் கேட்டார். நல்ல காரியத்துக்குச் செலவாயிற்று என்றேன். சந்தோஷப்பட்டார். அந்தக் கோடையில் அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் இங்கேதான் வருவார். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்காருவார். "உன் வீட்டுச் சுவரு மட்டும் எப்படி ஆர்டிஸ் இவ்வளவு இதமா இருக்கு?"ன்னு சாய்ந்துகொள்வார். "சுவத்துக்குள்ள புதுசாப் பஞ்சு அடைச்சேன், அண்ணே" என்பேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொட்டி இருக்கிறது. அவள் அந்த நேரத்தில் கல்லின்மேல்தான் படுத்திருப்பாள். நடுவில் ஒரு பலகைச் சுவர், இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள், இருவரும் முதுகோடு முதுகு. பார்த்துக்கொண்டே அவருக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றுவேன். எத்தனை பேருக்குத் தாங்கள் இழந்ததன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கக் கொடுத்துவைத்திருக்கிறது? அதை அவருக்கு நான் செய்து கொடுத்தேன்.

என்ன கேட்டீர்கள்?

"இப்பத்தான் அவரே சிவப்பு விளக்கை வெறுத்துட்டாரே ஆர்டிஸம்மா. இனிமே மாட்ட மாட்டாருல்ல. திருப்பிக் குடுத்திருக்கலாமே?"

நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரர். அதை நானும் யோசிக்காமல் இல்லை. ஜூன் முழுக்க யோசித்தேன். "அண்ணே, ஒரு நல்ல சேதி"ன்னு ஆரம்பிக்கிற வரைக்கும் ஒருமுறை வந்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வெர்னாவின் நாய் தேறிவிட்டது என்று சொல்லி முடித்தேன்.

விஷயம் என்னவென்றால் தம்பி, அவர் வீட்டு ஜன்னல் வடக்குப் பார்த்தது.

ஹாலஜனே இருந்தாலும் பக்கத்தில் கொஞ்சம் வெயில் வாடை வேண்டாமா. என் தையல் அறை தெற்குப் பார்த்தது. அதுவும் இல்லாமல், அவர் வினாடி வினா பார்க்கிற ஆள் இல்லை, மாலையில் அவளுக்குப் பொழுது போகாது. இதையெல்லாம் எடைபோட்டுத்தான் முடிவு செய்தேன். என்னுடைய ஆசைக்காக என்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் நேராகவே சொல்லிவிடுகிறேன். என் அண்ணனின் பாம்பை நான் திருடினேன். அது செத்துப்போனதாகச் சொன்னேன். அவர் கையால் செய்த சாசேஜை அவர் கையாலேயே புதைக்க வைத்தேன், அதற்கு ஜெபமும் செய்ய வைத்தேன். மனைவியைப் புதைத்த மனுஷரிடம் நீதான் இதைக் கொன்றாய் என்று நம்பவைத்து, ஒரு கோடைகாலம் முழுக்க இருட்டில் உட்கார வைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. ஆனால் பல்ப் விஷயத்தில் நான் சொன்னது சரிதான். அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. நீங்களே உள்ளே வந்து அவள் தோலைப் பாருங்கள், எண்ணெய் தடவின மாதிரி மின்னும்.

அதனால் அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அவர் இப்போதுதான் கொஞ்சம் சாப்பிடுகிறார். ஆகஸ்டில் ஒரு சின்ன மஞ்சள் கிளி வாங்கினார், உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஏலியாஸ் என்று பெயர். தலையில் கொண்டை, கன்னத்தில் ரூஜ் பூசின மாதிரி ஆரஞ்சுப் பொட்டு. அண்ணன் சொல்லிச் சொல்லி அதுவும் கற்றுக்கொண்டுவிட்டது. யாராவது ஸ்விட்சுப் பக்கம் கையை நீட்டினால், "வெளக்க அணை, வெளக்க அணை" என்கிறது. அது அப்படிச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். நான் என் காதால் கேட்டேன். பல மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. ஏலியாஸ் என் தோளில் வந்து உட்கார்ந்து, காதோரம் இருந்த முடியை ஒவ்வொன்றாகக் கோதிவிட்டான். மூச்சு கன்னத்தில் பட்டது. அவ்வளவு சின்ன உயிர், என்ன சூடு.

போன ஞாயிறு அண்ணன் கேட்டார். "குளிர்காலத்துக்கு இவனை நீ பாத்துக்கறியா, ஆர்டிஸ்? வெளக்கு எதுவேணா நீயே பாத்து மாட்டு. நான் இனிமே அதுல தலையிட மாட்டேன். உனக்குத்தான் தெரியும்."

பார்த்தீர்களா, எவ்வளவு நம்பிக்கை. அப்படி நம்புகிற மனுஷரை நான் ஏமாற்றுவேனா. பறவைக்குப் பாம்பு விளக்கு சரிப்படாது, அதற்கு வேறு வகை வெளிச்சம் வேண்டும் என்று படித்தேன். அவர் வீட்டில் இருப்பது குண்டு பல்ப், அதையும் போடுவதில்லை. ஜன்னலும் வடக்கு. நான் இன்னும் எதையும் வாங்கவில்லை தம்பி. தெற்கு ஜன்னலோர மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஃப்ரீசரில் நீங்கள் பார்க்க நேர்ந்தால் சொல்லிவிடுகிறேன், அண்ணன் இந்த சீசனில் சுட்டுக் கொடுத்த கவுதாரி ஒன்று சின்னதாக, துண்டில் சுற்றி இருக்கும். அது சூப்புக்கு.